பள்ளிவாசல் பணியை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

 

அல்லாஹ்வின் அருளால் தமிழகத்தின் மஹல்லாக்களில் கட்டுமானப் பணிகளுக்குக் குறைவில்லை. பழைய பள்ளிவாசல்கள் விரிவுபடுத்தப்படுகின்றன, மினாராக்கள் உயர்கின்றன, மதரஸாக்களுக்கு மாடிகள் எழுகின்றன. கடல் கடந்து உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய தொகையும் நம் தாய்மார்கள் கழற்றிக் கொடுத்த வளையல்களும் இப்பணிகளில் கலந்திருக்கின்றன. எனவேதான் பொறுப்புணர்ந்த நிர்வாகத்தினர் ஒருவரிடமே பணியைக் கொடுத்துவிடாமல், மூன்று நான்கு பேரிடம் விலைப்புள்ளி பெற்று ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். பாராட்டத்தக்க வழக்கம் இது.

ஆனால், அந்த ஒப்பீட்டில் எவற்றையெல்லாம் எடைபோடுகிறோம் என்று சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். சதுர அடிக்கு எவ்வளவு? எத்தனை மாதங்களில் முடிப்பார்? நமக்குத் தெரிந்தவரா, யார் சிபாரிசு? பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளோடு கூட்டம் முடிந்து ஃபாத்திஹா ஓதப்பட்டுவிடுகிறது. "இதற்கு முன் நீங்கள் செய்த வேலைகளில் எத்தனை பேர் விழுந்தார்கள்? எத்தனை பேர் அடிபட்டார்கள்? எவரேனும் உயிரிழந்தார்களா? அதற்குப் பின் எதை மாற்றினீர்கள்?" என்ற கேள்விகள் எழுவதேயில்லை. விலை எழுதிய உறையைத் திறப்பதற்கு முன்பே இவை கேட்கப்பட்டாக வேண்டும் என்பதும், இவற்றுக்குத் தக்க பதில் தர இயலாதவரின் விலை எவ்வளவு குறைவாக இருப்பினும் அவரிடம் பணியை ஒப்படைக்கலாகாது என்பதும் நம் கருத்து.

நல்லவர் என்பது மட்டும் போதுமா?

"அவர் ஐவேளை தொழுகையாளி, ஹஜ் செய்தவர், ஏமாற்றமாட்டார்" என்று ஒப்பந்தக்காரருக்கு நற்சான்று வழங்கப்படுவதைப் பல ஊர்களில் கேட்கிறோம். அந்த நற்குணங்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், மதரஸாவில் ஹதீஸ் கலையைப் படித்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஓர் அறிவிப்பாளரை ஏற்பதற்கு நம் இமாம்கள் இரண்டு தகுதிகளைத் தேடினர். ஒன்று அதாலத், அதாவது நேர்மையும் ஒழுக்கமும். மற்றொன்று ளப்த், அதாவது கேட்டதைப் பிசகின்றிக் காத்து அப்படியே எடுத்துச் சொல்லும் திறன். முதலாவது முழுமையாக இருந்தும் இரண்டாவது குறைந்திருந்த வணக்கசாலிகள் பலரின் அறிவிப்புகளை அந்த இமாம்கள் ஏற்கவில்லை. அவர்களது இறையச்சத்தை மதித்தார்கள். அவர்களிடமிருந்து ஹதீஸை மட்டும் எடுக்கவில்லை. இதற்காகவே அறிவிப்பாளர்களின் வாழ்க்கைப் பதிவுகளைத் தொகுத்து, இமாம் தஹபீ (ரஹ்) அவர்களின் மீஸானுல் இஃதிதால், இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் தக்ரீபுத் தஹ்தீப் போன்ற நூல்களை நமக்கு விட்டுச் சென்றார்கள்.

ஒருவரின் கடந்தகாலப் பதிவை ஆராய்ந்து, அதன் அடிப்படையில் அவரிடம் ஒன்றை ஒப்படைப்பது நம் மரபுக்குப் புதிதன்று. சொல்லை ஏற்பதற்கே இத்தனை ஆய்வு தேவைப்பட்டதெனில், முப்பது நாற்பது தொழிலாளர்களின் உயிரை ஒருவரின் கையில் கொடுப்பதற்கு முன் அவரது பதிவைப் புரட்டிப் பார்ப்பது எவ்வளவு அவசியம்! திருக்குர்ஆனின் கஸஸ் அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் எடுத்துரைத்த பெண்மணி, வலிமை, நம்பகத்தன்மை ஆகிய இரண்டையும் சேர்த்தே காரணமாகக் கூறியதை நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். நாமோ நம்பகத்தன்மையை விசாரிப்பதோடு நின்றுவிடுகிறோம்.

காற்றும் கிரேனும்

விபத்து நேர்ந்தபின் அடிக்கடி கேட்கும் சொல், "எல்லாம் விதிப்படி" என்பது. விதியை நம்புவது ஈமானின் பகுதி. எனினும், அந்நம்பிக்கையை மனிதனின் அலட்சியத்துக்குத் திரையாக இட மார்க்கம் அனுமதிக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வைச் சார்ந்திருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதியில் காண்கிறோம். தடுப்பில்லாத மொட்டைமாடியில் உறங்குபவர் தமக்கான பாதுகாப்புப் பொறுப்பைத் தாமே இழந்துவிடுகிறார் என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் உள்ளது. தூங்குபவருக்கே மாடி விளிம்பில் தடுப்பு வேண்டுமென்றால், அதே விளிம்பில் நின்று நாள் முழுதும் சிமெண்ட் சட்டியை வாங்கும் சித்தாளுக்குத் தடுப்பு வேண்டாமா?

2015 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. ஹஜ்ஜுக்குச் சில நாட்களே இருந்தன. மக்காவின் புனித ஹரமில் விரிவாக்கப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்த ராட்சத கிரேன் ஒன்று கடும் காற்றில் சாய்ந்து விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலகிலேயே மிகப் புனிதமான இடம். வீசியதோ அல்லாஹ்வின் ஏவலுக்குக் கட்டுப்பட்ட காற்று. ஆயினும் சவூதி அரசு 'விதி' என்று கூறி அதை மூடிவிடவில்லை. விசாரணை நடத்தியது. பயன்படுத்தாத வேளையில் கிரேனின் கை தாழ்த்தப்படாமல், தயாரிப்பாளரின் அறிவுரைக்கு மாறாக உயர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது என்பது அந்த விசாரணையில் வெளிப்பட்டது. பணியை ஏற்றிருந்த நிறுவனத்துக்குப் புதிய ஒப்பந்தங்கள் வழங்குவதும் நிறுத்திவைக்கப்பட்டது. நடந்த விபத்து, அடுத்த ஒப்பந்தத்துக்கான தகுதியோடு இணைத்துப் பார்க்கப்பட்டது. ஹரமின் பணியிலேயே கேட்கப்பட்ட கேள்வியை நம் மஹல்லாவின் பணியில் கேட்பதற்கு நாம் ஏன் தயங்க வேண்டும்?

நம் மாநிலத்திலும் படிப்பினைகளுக்குக் குறைவில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவர்களில் பலர். அதனருகே எஞ்சி நின்ற மற்றொரு கட்டடமும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடம் சரிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் கண்டிருந்தது. அக்கட்டடத்தில் இயங்கிய வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையல் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அதன் பின்னரே, 'நாங்கள் ஆர்டர் கொடுத்தவர்கள் மட்டுமே' என்று கை கழுவ முடியாத நிலை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. தொழிற்சாலைகளைச் சோதித்து, கண்ட குறைகளைப் பகிரங்கமாக வெளியிடும் உடன்படிக்கையில் அவை கையொப்பமிட்டன.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல், காலணி ஏற்றுமதி செய்யும் நம் சமுதாயத் தொழிலதிபர்களுக்கு இது புதிய செய்தியன்று. வெளிநாட்டு வாடிக்கையாளர் சார்பில் வருவோர் தீயணைப்புக் கருவியையும் அவசர வழியையும் விபத்துப் பதிவேட்டையும் பார்க்காமல் ஆர்டர் தருவதில்லை. வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய சகோதரர்களும் இதை அறிவார்கள். தலைக்கவசமும் பாதுகாப்புப் பயிற்சியும் இன்றி அங்கே பல பணித்தளங்களின் வாயிலைத் தாண்ட இயலாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்குவதற்குத் தடை உள்ளது. அந்த ஒழுங்கின் நிழலில் உயிரோடு ஊர் திரும்பியவர்களே இன்று பல ஜமாஅத்களின் நிர்வாகிகள். தமக்குக் கிடைத்த பாதுகாப்பைத் தம் பள்ளிவாசலில் வேலை செய்யும் பீகார் இளைஞனுக்கும் கேட்டு வாங்கித் தருவது அவர்கள்மீது கடமையாகாதா?

வக்ஃபுப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டாமா?

நியாயமான கேள்வி. வக்ஃபுச் சொத்து அமானிதம். அதில் ஒரு ரூபாயும் வீணாகலாகாது. ஆனால், ஒரே வேலைக்கு ஒருவர் மற்றவரைவிட மிகக் குறைந்த விலை எப்படி எழுதுகிறார் என்று விசாரித்துப் பாருங்கள். கம்பியின் விலையும் சிமெண்டின் விலையும் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலிருந்தே வருகிறது. ஒருவர் இரும்புச் சாரமும் விளிம்புத் தடுப்பும் கணக்கிட்டிருப்பார். மற்றவர் பல கட்டடங்கள் கண்டு நைந்த சவுக்குக் கம்புகளையே நம்பியிருப்பார். ஒருவர் தொழிலாளர்களுக்குக் காப்பீடு எடுத்திருப்பார். மற்றவர் அதைச் செலவாகவே கருதியிருக்கமாட்டார். ஒருவர் சென்டரிங் பலகையைப் பொறியாளர் சொன்ன நாளுக்குப் பின்னரே பிரிப்பார். மற்றவர் அடுத்த வேலைக்காக முன்னதாகவே பிரித்துவிடுவார். அங்கே நாம் மிச்சப்படுத்துவது வக்ஃபுப் பணத்தை அன்று. தொழிலாளியின் உடலிலிருந்து கடன் வாங்குகிறோம். தீங்கைத் தடுப்பது நன்மையை ஈட்டுவதைவிட முந்தியது என்று ஃபிக்ஹு சட்ட விதி கூறுகிறது. அவ்விதியை மாணவர்களுக்கு மனனம் செய்விக்கும் நாம், நிர்வாகக் கூட்டத்தில் அதை மறந்துவிடலாகாது.

அரசின் நடைமுறைகளும் இங்கே நமக்குப் பயன்படும். தமிழ்நாட்டில் அரசுப் பணிகளுக்கென 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் உள்ளது. தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று இரண்டாகப் பெற்று, முதல் உறையில் தேறியவரின் விலையை மட்டுமே திறந்து பார்க்கும் இரட்டை உறை முறை அரசுப் பணிகளில் வழக்கத்தில் உள்ளது. விலையை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுப்பதன் குறையை உணர்ந்த ஒன்றிய நிதி அமைச்சகமும் 2021 அக்டோபரில் வெளியிட்ட பொது அறிவுறுத்தல்களில், தரம் முக்கியமான கட்டுமானப் பணிகளில் விலை அல்லாத தகுதிகளுக்கு அதிகபட்சம் 30 விழுக்காடு வரை மதிப்பு அளிக்க இடமளித்தது.

எனினும், பாதுகாப்பைப் பொறுத்தவரை மதிப்பெண் முறையைவிட 'தேறினார், தேறவில்லை' என்ற முறையே நம் ஜமாஅத்களுக்குப் பொருத்தம் என்று கருதுகிறோம். மதிப்பெண் முறையில், பாதுகாப்பில் இழந்ததை மலிவான விலையால் ஒருவர் ஈடுகட்டிவிட முடியும். உயிருக்கும் விலைக்கும் இடையே அத்தகைய பரிமாற்றத்துக்கு இடமிருக்கலாகாது. குறைந்தபட்சப் பாதுகாப்புத் தகுதியில் தேறாதவரின் விலை உறை திறக்கப்படாமலேயே திருப்பித் தரப்படட்டும்.

விசாரிப்பது புறமாகாதா?

மார்க்கப் பேணுதல் உள்ள சிலர் இவ்வாறு தயங்குகின்றனர்: "ஒருவரின் பழைய விபத்தைப் பற்றிப் பிறரிடம் விசாரிப்பதும், அவர்கள் சொல்வதும் கீபத் ஆகாதா?" தயக்கம் நல்ல உள்ளத்திலிருந்து வருகிறது. ஆனால் நம் அறிஞர்கள் இதற்கு முன்பே விடை கூறியுள்ளனர். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) ஆகிய இருவரும் பெண் கேட்டபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். ஒருவர் பொருளற்றவர் என்பதையும் மற்றவர் கைத்தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்பதையும் நபியவர்கள் மறைக்காமல் கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தி இது. இதையொட்டியே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், கீபத் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களைக் கூறும்போது, தீங்கிலிருந்து எச்சரிப்பதையும் ஆலோசனை கேட்போருக்கு உண்மையைச் சொல்வதையும் சேர்த்துள்ளார்கள்.

ஆகவே, அண்டை ஊர் நிர்வாகம் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் மினாரா வேலையைச் செய்தவர் எப்படி?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்ல மனிதர்" என்று மழுப்புவது பேணுதல் ஆகாது. சாரம் சரிந்து ஒருவர் காலை இழந்திருந்தால் அதைச் சொல்வதே அமானிதம். கேட்டதற்கு மட்டும், அறிந்ததை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். தேநீர்க் கடையில் அதையே பேசித் திரியக் கூடாது. வரம்பு இவ்வளவே.

எவற்றைக் கேட்பது, எப்படிச் சரிபார்ப்பது?

நிர்வாகிகள் பொறியாளர்கள் அல்லர் என்பதை அறிவோம். ஆயினும் பின்வருவனவற்றைக் கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

முதலாவது, கடந்த ஐந்து ஆண்டுகளில் செய்த பணிகளின் பட்டியல். இடம், உரிமையாளர், வேலை செய்தோரின் தோராய எண்ணிக்கை ஆகியவற்றோடு அது எழுத்தில் வேண்டும்.

இரண்டாவது, அப்பணிகளில் நேர்ந்த உயிரிழப்புகள், காயங்கள், தொழிலாளர் துறையின் அறிவிப்புகள், நிலுவையிலுள்ள இழப்பீட்டு வழக்குகள் ஆகியவை பற்றிய கையொப்பமிட்ட உறுதிமொழி. அது பொய்யெனத் தெரிந்தால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற நிபந்தனையும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் நகல். நூறாண்டு கடந்து 2025 வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் பலருக்குத் தெரியாமலேயே இருந்தது. காப்பீட்டில் குறிப்பிட்ட தொழிலாளர் எண்ணிக்கை நம் பணிக்குப் போதுமா, காலம் பணி முடியும்வரை நீடிக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, கட்டடத் தொழிலாளர்களுக்கென 1996-இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் தன்னுள் அடக்கி 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் கோரும் பதிவுகள். அவரிடம் வேலை செய்வோர் நல வாரியத்தில் உறுப்பினரா என்பதையும் கேளுங்கள்.

ஐந்தாவது, வேலையை அவரே செய்வாரா, உள்குத்தகைக்கு விடுவாரா? விடுவாரெனில் யாருக்கு? பெரிய நிறுவனத்தின் நற்பெயரைப் பார்த்துக் கொடுத்த வேலை, மூன்று கை மாறி, சாரம் கட்டத் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேருவது உண்டு. பதிவைப் பார்க்க வேண்டியது உண்மையில் களத்தில் நிற்பவரைப் பற்றித்தான்.

வந்த பதில்களைப் படிப்பதிலும் நிதானம் தேவை. இருபது பேரை வைத்து வேலை செய்பவர் மூன்றாண்டில் ஒரு விபத்தைக் காட்டுகிறார். இருநூறு பேரை வைத்திருப்பவர் மூன்று விபத்துகளைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள், நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று கணக்கிட்டால், முதலாமவரின் ஆட்கள் உழைத்தது 1,44,000 மணி நேரம். இரண்டாமவரின் ஆட்கள் உழைத்தது 14,40,000 மணி நேரம். பத்து இலட்சம் மணி நேரத்துக்கு எத்தனை விபத்து என்று வகுத்தால், முதலாமவருக்கு ஏறத்தாழ 7, இரண்டாமவருக்கு ஏறத்தாழ 2. எண்ணிக்கையில் கூடுதலாகத் தெரிந்தவரே விகிதத்தில் மேலானவர். தொழில்துறையில் விபத்து விகிதம் பொதுவாக இப்படித்தான் கணக்கிடப்படுகிறது. விரலில் ஆணி குத்தியதும் உயிர் போனதும் ஒன்றல்ல என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"எங்களிடம் இருபது ஆண்டுகளாக ஒரு விபத்தும் இல்லை" என்று எழுதித் தருபவரிடம் கூடுதல் கவனம் தேவை. அது உண்மையாகவும் இருக்கலாம். பதிவேடே இல்லை என்பதன் மறுபெயராகவும் இருக்கலாம். "மயிரிழையில் தப்பிய நிகழ்வு ஏதேனும் உண்டா? அதன்பின் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். சிறு காயத்தையும் குறித்து வைப்பவர் இதற்கு உடனே விடை தருவார். பழைய விபத்து ஒன்றை மறைக்காமல் சொல்லி, அதன் காரணத்தைக் கண்டறிந்து, முறையை மாற்றிக்கொண்டவரை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. தவறிலிருந்து திரும்பியவருக்கு வாசலை அடைப்பது நம் மார்க்கத்தின் வழியன்று. ஒரே வகை விபத்து மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருந்தால் அது வேறு செய்தி.

காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். முன்னறிவிப்பின்றி, அவர் இப்போது வேலை செய்யும் இடத்துக்கு இருவர் சென்று வாருங்கள். மேலே நிற்பவருக்கு இடுப்புப் பட்டை மாட்டியிருக்கிறதா? மாடி விளிம்பிலும் லிஃப்ட் குழியிலும் தடுப்பு உண்டா? ஆளுயரத்துக்கு மேல் தோண்டிய பள்ளத்தில் மண் சரியாமல் முட்டுக் கொடுத்திருக்கிறார்களா? மின்கம்பிக்கு அருகில் கம்பிகளை ஏற்றி இறக்குகிறார்களா? குடிநீரும் கழிப்பிடமும் இருக்கின்றனவா? உர்தூ பேசும் சகோதரர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் அவரிடம் மனம் திறந்து பேசுவார்கள். ஒப்பந்தக்காரர் பற்றி மேஜையில் அமர்ந்து அறிய முடியாதவற்றை அந்தப் பத்து நிமிடப் பேச்சில் அறியலாம்.

சிறிய மேஸ்திரிகளின் நிலை

"இத்தனை ஆவணங்களைக் கேட்டால் நம்மூர்ச் சிறிய மேஸ்திரி எங்கே போவார்? பணமுள்ள நிறுவனங்களுக்கே எல்லாப் பணியும் போய்விடுமே!" என்ற மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். மதில் சுவர் பூசுவதற்கும் நான்கு மாடி எழுப்புவதற்கும் ஒரே அளவுகோல் வைப்பது நீதியன்று. சிறு பணிக்கு, அவர் நேரில் செய்த வேலையைப் பார்ப்பதும், முன்பு வேலை கொடுத்தவர்களை விசாரிப்பதும், அந்தப் பணிக்காலத்துக்கான காப்பீட்டை ஜமாஅத்தே எடுத்து உதவுவதும் போதுமானவை. பதிவே இல்லாத புதியவரைப் பொறுத்தவரை, ஹதீஸ் கலையில் நிலை அறியப்படாத அறிவிப்பாளரை அணுகுவதைப் போல அணுகலாம். ஆராயாமல் பெரிய பொறுப்பை அவரிடம் கொடுப்பதில்லை. அனுபவமுள்ள மேற்பார்வையாளரின் கீழ் சிறு பணி கொடுத்து, பதிவை உருவாக்கிக்கொள்ள வாய்ப்பளிக்கலாம்.

மற்றொரு வழியும் உண்டு. விலைப்பட்டியலில் சாரம், தடுப்பு, வலை, பட்டை, தலைக்கவசம், காப்பீடு ஆகியவற்றுக்கு நிர்வாகமே ஒரு தொகையை நிர்ணயித்துத் தனி இனமாக எழுதிவிடுவது. அத்தொகை எல்லோருக்கும் ஒன்றே. போட்டி மற்ற இனங்களில் மட்டும் நடக்கட்டும். நேர்மையாகப் பாதுகாப்புக்குச் செலவிட நினைக்கும் சிறியவர், அதை விட்டுவிட்டு விலையைக் குறைப்பவரிடம் தோற்கும் அவலம் இதனால் நீங்கும்.

ஒப்பந்தத்துக்குப் பின்னும் தொடரும் பொறுப்பு

நல்லவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் ஓய்ந்துவிட முடியாது. "ரமளானுக்குள் முடித்தாக வேண்டும், திறப்பு விழாவுக்குத் தேதி கொடுத்துவிட்டோம்" என்று நாம் நெருக்கும்போது, நல்ல ஒப்பந்தக்காரரும் இரவில் தளம் போடுகிறார், பலகையைச் சீக்கிரம் பிரிக்கிறார். அந்த அவசரத்தின் விளைவில் நமக்கும் பங்குண்டு. ஆபத்தெனக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை ஜமாஅத்துக்கு உண்டு என்றும், அவ்வாறு நிறுத்திய நாட்களுக்குத் தாமத அபராதம் இல்லை என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சாய்ந்த சுவரைப் பற்றி எச்சரிக்கப்பட்ட பின்னும், அவகாசம் இருந்தும் அதை இடிக்காத உரிமையாளர், அது விழுந்து ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பாவார் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. அறிந்தபின் வாளாவிருப்பது மார்க்கத்தின் பார்வையில் பொறுப்பிலிருந்து விடுதலை தராது.

மூடிய தொட்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டிய நிலத்தடி நீர்த்தொட்டியில் பலகை பிரிக்க இறங்கியவர்கள், உள்ளே உயிர்க்காற்று குறைந்திருந்ததால் மயங்கி விழுவதும், காப்பாற்ற இறங்கியவரும் உடன் மாய்வதும் நம் நாட்டில் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. கழிவுத் தொட்டியிலோ நச்சுக்காற்று மிகும்போது அது முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லை என்பதை நம்பி இறங்க முடியாது. பள்ளிவாசல் கழிப்பறைத் தொட்டியைத் தூய்மைப்படுத்தத் தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இவ்வகை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. எனவே கட்டுமானத்துக்கு மட்டுமன்றி, தொட்டி சுத்தம் செய்யும் சிறு ஒப்பந்தத்துக்கும் இயந்திரம் உண்டா, ஆள் இறங்குவாரா என்று கேட்டபின்னரே அழையுங்கள்.

மதரஸாவில் பாடம் நடத்துவோர் என்ற முறையில் நம் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பல இடங்களில் மேலே தளம் எழும்போதே கீழே பிள்ளைகள் ஓதிக்கொண்டிருக்கின்றனர். "கித்மத்" என்ற பெயரில் அவர்கள் செங்கல் சுமப்பதையும் காண்கிறோம். ஒப்பந்தக்காரரை மதிப்பிடும்போதே, "பிள்ளைகளும் தொழுகையாளிகளும் நடமாடும் இடத்தைப் பணியிடத்திலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேளுங்கள். விடை திருப்தியில்லையெனில், பணி முடியும்வரை மக்தபை வேறிடத்துக்கு மாற்றுங்கள். ஓதும் பிள்ளையைப் பெற்றோர் நம்மிடம் விட்டுச் செல்வதும் அமானிதமே.

ஒரு தொழிலாளி இறந்துவிட்டால் நம் மக்கள் உருகிப்போகின்றனர். ஜும்ஆவில் துண்டு விரித்து வசூலிக்கின்றனர், ஊர்தி ஏற்பாடு செய்து ஜனாஸாவைச் சொந்த ஊருக்கு அனுப்புகின்றனர். அந்த இரக்கத்தை அல்லாஹ் அங்கீகரிப்பானாக! ஆனால் அந்த இரக்கம் சில மாதங்களுக்கு முன்பே, உறை பிரிக்கும் மேஜையில் வெளிப்பட்டிருந்தால் அம்மனிதர் நடந்தே தம் வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் அனைத்தையும் காத்தது போன்றது என்று மாயிதா அத்தியாயம் போதிக்கும் நன்மையை, குருதி சிந்தாமலே ஈட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு நிர்வாகிக்கும் கிடைத்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் விலையைக் கேட்கும் முன் இந்தக் கேள்வியை எழுப்புங்கள். எழுப்புபவர் தனி ஒருவராக இருந்தாலும் தயங்க வேண்டாம்.

தன் இல்லத்தைக் கட்டும் கைகளுக்குத் தீங்கு நேராமல் காக்கும் பொறுப்பை உணர்ந்து நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.